டெல்டாவின் பற்று வரவு: டிரைட்டான் கணக்கில் வழுக்கும் இடங்கள்

சனிக்கிழமை மாலைகளில் காரைக்குடியில் என் வீட்டுத் திண்ணைக்கு எம்.எஸ்சி. இயற்பியல் பிள்ளைகள் நாலைந்து பேர் வருவார்கள். டிரைட்டான் என்பது ஒரு புரோட்டானும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த அணுக்கரு. அதன் பிணைப்பு ஆற்றலில், நியூக்ளியானின் கிளர்நிலையான டெல்டாவுக்கு என்ன பங்கு என்ற பாடம் வந்தால் எந்த வருஷத்துப் பிள்ளைகளும் ஒரே இடங்களில்தான் வழுக்குகிறார்கள்.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'கிளர்நிலை' என்றதும் அணுக்கருவின் கிளர்நிலையை நினைத்துக்கொள்கிறார்கள். டிரைட்டானுக்குப் பிணைந்த கிளர்நிலையே கிடையாது. இங்கே கிளர்வது உள்ளே இருக்கும் நியூக்ளியான், அதாவது ஒரு புரோட்டானோ நியூட்ரானோ. அது 1232 எம்.இ.வி. (மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்) நிறையுள்ள டெல்டா துகளாக மாறுகிறது. "சார், மொத்தப் பிணைப்பே 8.48 எம்.இ.வி.; டெல்டாவுக்குக் கூடுதலாக 293 வேண்டுமே?" என்று யாராவது கேட்பார்கள். ஆற்றலைக் கடன் வாங்கித் திருப்பித் தருகிறது என்று பதில் சொல்வது எனக்குப் பிடிக்காது. டிரைட்டானின் நிலையை விவரிக்கும் அலைச்சார்பில் டெல்டா கலந்த சிறு பகுதி ஒன்று எப்போதும் இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்தது பெரிய தவறு. வரவை எழுதிவிட்டுப் பற்றை மறப்பது. பேரேடு எழுதியே பேர் வாங்கிய ஊரில் இது நடக்கலாமா?

இரண்டிரண்டு நியூக்ளியான்களுக்கு இடையேயான விசையை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், ஆர்கோன் வி18 என்ற விசை மாதிரி சுமார் 7.6 எம்.இ.வி. தருகிறது, சிடி-பான் என்ற மாதிரி சுமார் 8.0 தருகிறது. இரண்டுமே உண்மையான 8.48-ஐத் தொடவில்லை. ஒரு நியூக்ளியானிடமிருந்து வரும் பையான் (அணுக்கரு விசையைக் கடத்தும் துகள்) இரண்டாவதை டெல்டாவாக்க, அந்த டெல்டா இன்னொரு பையானை மூன்றாவதற்குத் தந்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்புகிறது. 1957-இல் ஃபுஜிதாவும் மியாசாவாவும் சொன்ன இந்த மூவுடல் விசை பிணைப்பைக் கூட்டும். இது வரவு.

இனி பற்று. தனியாக இருக்கும் இரண்டு நியூக்ளியான்களுக்கு இடையேயான ஈர்ப்பிலும் டெல்டாவுக்குப் பங்கு உண்டு. டிரைட்டானுக்குள் அந்த ஜோடிக்குக் கிடைக்கும் ஆற்றல் குறைகிறது. பிணைப்பு ஆற்றல் ஒரு பக்கம், மூன்றாவது நியூக்ளியானின் இயக்க ஆற்றல் மறுபக்கம் கழிகின்றன. டெல்டா நிலை இன்னும் எட்டாத உயரத்துக்குப் போவதால் ஈர்ப்பு தளர்கிறது. 1980-களில் ஜெர்மனியின் ஹனோவர் ஆய்வுக் குழு இந்த வரவையும் பற்றையும் ஒரே கணக்கில் வைத்துக் காட்டியது. பிற்காலத்தில் சிடி-பானுடன் டெல்டாவையும் சேர்த்தபோது கிடைத்தது 8.3-ஐ ஒட்டித்தான்.

ஒரே வரவை இரண்டு முறை எழுதுபவர்களும் உண்டு. நியூக்ளியான்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பெற்ற சிதறல் தரவுகளுக்குப் பொருத்திய விசையில் டெல்டாவின் ஈர்ப்பு ஏற்கெனவே மறைமுகமாக இருக்கிறது. அதன் மேல் டெல்டாவை வெளிப்படையாகச் சேர்த்தால், விசையை மறுபடி பொருத்தியே ஆக வேண்டும். டெல்டாவை வெளிப்படையாக வைத்துக்கொண்டு ஃபுஜிதா-மியாசாவா விசையையும் கூட்டுவது அதே தப்பு.

இரண்டு புரோட்டான்களும் ஒரு நியூட்ரானும் உள்ள ஹீலியம்-3-இன் பிணைப்பு 7.72. டிரைட்டானோடு உள்ள இந்த வித்தியாசத்தை டெல்டாவின் தலையில் கட்ட வேண்டாம். பெரும்பகுதி புரோட்டான்களின் மின் விலக்கம்.

போன வருஷம் கானாடுகாத்தானிலிருந்து வரும் ஒரு பெண், தன் கணினி நிரலை முதலில் டியூட்டரானில் (ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் சேர்ந்த அணுக்கரு) சோதித்துப் பார்த்தாள். ஒரு நியூக்ளியான், ஒரு டெல்டா என்ற பகுதி சுத்தமாகப் பூஜ்யம். பிழை எங்கே என்று இரண்டு நாள் தேடியிருக்கிறாள். ஐசோஸ்பின் என்பது புரோட்டானையும் நியூட்ரானையும் ஒரே துகளின் இரு நிலைகளாகக் கருதும் குவாண்டம் எண். டியூட்டரானுக்கு அது 0. நியூக்ளியானின் 1/2-உம் டெல்டாவின் 3/2-உம் சேர்ந்தால் 1 அல்லது 2 தான் வரும். அங்கே இரண்டு டெல்டாக்கள் சேர்ந்து வந்தால்தான் உண்டு. நிரல் சரியாகத்தான் இருந்தது.