ஆயில் பம்ப்பைக் குறை சொல்லும் முன் சேம்பரைக் கழற்றிப் பாருங்கள்

கீழக்கரை, மண்டபம் பக்கத்துப் பட்டறைகளில் புதிதாக ஸ்பேனர் பிடிக்கும் பையன்கள், ஆயில் அழுத்தம் குறைந்ததைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்ததும் நேராகப் பம்ப்பில்தான் கை வைக்கிறார்கள். பம்ப்புக்குள் இருப்பது இரண்டு பல்சக்கரம் அல்லது ஒன்றுக்குள் ஒன்று சுழலும் இரண்டு ரோட்டர். கூடவே, அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் ஒரு ஸ்பிரிங் வால்வு. எந்நேரமும் ஆயிலிலேயே ஓடும் இந்தப் பாகம் அவ்வளவு சீக்கிரம் தேயாது. அதன் வாயை அடைப்பது பெரும்பாலும் நம் கைவேலைதான். ஆயில் மட்டம் பார்க்காதது, ஆயில் இறக்கும் டிரெயின் போல்ட்டை இறுக்க மறந்தது இவற்றையெல்லாம் விட்டுவிடுகிறேன். ஒரு முறை திட்டு வாங்கினால் அவை திருந்திவிடும். மற்றத் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவது

சேம்பர் என்பது இன்ஜின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி. இரும்புத் தகட்டுச் சேம்பரை நம் உப்புக்காற்று சும்மா விடாது. கல் தெறித்துப் பெயின்ட் போன இடத்திலும் டிரெயின் போல்ட்டைச் சுற்றியும் முதலில் பொரியும். மீன் வண்டியிலிருந்து ரோட்டில் ஒழுகும் உப்புத் தண்ணீரும் அடியில் தெறிக்கிறது. அரிச்சல்முனை போய்வந்த வண்டியை வீட்டு போர்வெல் தண்ணீரில் கழுவுகிறார்கள். அந்தத் தண்ணீரே உப்பாக இருந்தால் பயனில்லை, அடிப்பாகத்துக்கு நல்ல தண்ணீர்தான் வேண்டும். ஆக, சேம்பரைக் கழற்றி மாட்டும் வேலை இங்கே அடிக்கடி வரும்.

மாட்டும்போது, இனி ஒழுகவே கூடாது என்று ட்யூபில் பாதியைப் பிதுக்கிவிடுகிறார்கள். வெளியே வழிவதைத் துணியால் துடைத்துவிடலாம். அதே அளவு உள்ளேயும் வழிந்திருக்கும். அது யார் கண்ணிலும் படாது. சூடான ஆயிலில் ஊறி, அறுந்து, மண்புழு மாதிரி துண்டு துண்டாக விழுந்து, பம்ப் ஆயிலை உறிஞ்சும் வாயில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையில் அப்பிக்கொள்ளும்.

இதில் ஆளை ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது, விளக்கு எரியாது. வேகம் ஏற ஏற பம்ப் பலமாக உறிஞ்சும், துண்டுகள் வலையோடு ஒட்டும், விளக்கு மின்னும். இன்ஜினை அணைத்தால் துண்டுகள் கீழே உதிர்ந்துவிடும். திரும்ப ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சரியாக இருப்பது போலவே தெரியும். தொண்டிப் பக்கம் வாடகைக்கு ஓடிய ஒரு டீசல் காருக்கு இப்படித்தான் முதலில் விளக்கை எரியவைக்கும் ஆயில் ப்ரெஷர் ஸ்விட்சை மாற்றினார்கள், பிறகு பம்ப். பம்ப் மாற்றியவர் வலையைச் சுத்தம் செய்தார். சேம்பரை மூடும்போது மறுபடி அதே தடிமனில் பேஸ்ட் பூசினார். விளக்கு திரும்ப எரிந்ததும் புது பம்ப் டூப்ளிகேட் என்று கடைக்காரரோடு சண்டை. கடைசியில் கிராங்க் ஷாஃப்டைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங் தேய்ந்து செம்பு தெரிந்தது, கிராங்க் கிரைண்டிங் வரை போனது. சில நூறு ரூபாய் ட்யூபை அளவாகப் பூசியிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது.

செய்முறை இதுதான். பழைய பேஸ்ட்டை முழுக்கச் சுரண்டுங்கள். அலுமினியப் பரப்பு என்றால் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பர் மட்டும். இரண்டு பக்கமும் பிரேக் கிளீனர் அடித்து எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனில், அறுபடாத ஒரே கோடு, போல்ட் ஓட்டைகளுக்கு உள்பக்கமாகப் போக வேண்டும். பேஸ்ட் தோல் கட்டுவதற்குள் மாட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, எதிரெதிராக இறுக்குங்கள். 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவு போதும். ட்யூபில் எழுதியிருக்கும் நேரம் முடியும் வரை ஆயில் ஊற்றாதீர்கள்.

ஸ்விட்ச்தான் கெட்டது என்று முடிவு கட்டுவது

ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் ப்ரெஷர் கேஜை மாட்டுங்கள். நன்றாகச் சூடான இன்ஜினில், பொதுவாக ஐடிலில் 1 பார் (அழுத்தத்தின் அலகு), நிமிடத்துக்கு 3000 சுற்றில் 3 பார் ஒட்டி வரும். சரியான அளவு அந்த வண்டியின் மேனுவலில் இருக்கும். ஐடிலில் மட்டும் குறைந்தால் பேரிங் தேய்மானம், பம்ப் தேய்மானம், அல்லது ஆயில் நீர்த்திருக்கிறது. சுற்று ஏறும்போது முள் இறங்கினால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு.

விளக்கு எரிய எரிய அடுத்த ஊர் வரை ஓட்டுவது

அணையுங்கள். பாம்பன் பாலம் ஏறிய பிறகு எரிந்தாலும் ஓரங்கட்டி அணையுங்கள். கட்டி இழுத்து வந்தால் போதும்.

டீசல் ஊற்றி இன்ஜினைக் கழுவுவது

வேண்டவே வேண்டாம். பல வருஷக் கசடு ஒரே நேரத்தில் பெயர்ந்து ஸ்ட்ரெய்னருக்கு வரும்.

கெட்டி ஆயில் ஊற்றி விளக்கை அணைப்பது

5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால் கேஜ் முள் ஏறும். தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மேலே கேம் ஷாஃப்டுக்கு ஆயில் போய்ச் சேரவும் தாமதமாகும்.

அடிவாங்கிய சேம்பரை அப்படியே விடுவது

வேகத்தடையில் இடித்துத் தகடு உள்ளே அமுங்கியிருந்தால் அது ஸ்ட்ரெய்னரின் வாயை மூடும். ஒழுகவில்லை என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

பழைய ஓ-ரிங்கோடு புது பம்ப்

உறிஞ்சும் குழாயின் ஓ-ரிங் இறுகிப் போயிருந்தால் ஆயிலோடு காற்றையும் இழுக்கும். பம்ப் மாற்றினால் அதையும் மாற்றுங்கள்.

காய்ந்த பம்ப்பை மாட்டி உடனே ஸ்டார்ட் செய்வது

காய்ந்த பம்ப்பால் ஆயிலை இழுக்க முடியாது. மாட்டும் முன் பம்ப்பில் புது ஆயில் விட்டுக் கையால் சுற்றுங்கள். ஃபில்டர் நிமிர்ந்து நிற்கும் வகையென்றால் அதிலும் ஆயில் நிரப்புங்கள். இன்ஜெக்டர் ஃபியூஸை எடுத்துவிட்டு 10 விநாடி செல்ஃப் அடித்து, அரை நிமிடம் விட்டு, மறுபடி அடியுங்கள். விளக்கு அணைந்த பிறகே ஃபியூஸைத் திரும்பப் போடுங்கள். முதல் ஐந்து நிமிடம் ஐடிலிலேயே ஓடட்டும், ஆக்சிலரேட்டரைத் தொடாதீர்கள்.