மச்சானை நிறுத்திப் படம் எடுங்கள்: மாமல்லபுரம் முதல் மாத்தூர் வரை போன் கேமராவோடு ஒரு பயணம்

ரோட்டோரத்தில் எதையாவது வினோதமாகப் பார்த்துவிட்டால் வண்டியை ஓரங்கட்டச் சொல்லும் வியாதி எனக்கு உண்டு. கட்டி முடிக்காத வீட்டு மாடியில் பழைய சட்டை பேன்ட் மாட்டி, வைக்கோல் பிதுங்கத் தொங்கும் திருஷ்டி பொம்மைக்காக ஒரு தடவை அரை மணி நேரம் நின்றிருக்கிறேன். ஆனால் முதல்முறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் கன்னியாகுமரி வரை போய் வந்தபோது போனில் 600 படங்கள் சேர்ந்திருந்தன, நாலு பேருக்குக் காட்டும்படி தேறியது பத்துகூட இல்லை. நேரில் வாயைப் பிளந்து பார்த்த பாறை படத்தில் ஏதோ கூழாங்கல் மாதிரி கிடந்தது.

ஏன் அப்படி ஆனது என்று புரிய இரண்டு மூன்று பயணம் பிடித்தது. புரிந்ததை வரிசையாகச் சொல்கிறேன். பெரிய கேமரா எதுவும் வேண்டாம், கையில் இருக்கும் போன் போதும். கூடவே, சொன்ன இடத்தில் முணுமுணுக்காமல் நிற்கக்கூடிய ஒரு ஆள் வேண்டும். எனக்கு அது என் மச்சான்.

முதல் படி: கிலோமீட்டரை விடுங்கள், சூரியனைப் பாருங்கள்

எல்லோரும் ஊருக்கு ஊர் எத்தனை மணி நேரம் என்று கணக்குப் போட்டுக் கிளம்புவார்கள். படம் எடுக்கப் போகிறவர் போட வேண்டிய கணக்கு வேறு: எந்த இடத்தில் காலை எட்டரைக்குள் நிற்பது, எந்த இடத்தில் மாலை நாலரைக்கு மேல் நிற்பது. நடுவில் இருக்கும் வெயில் நேரம் முழுக்க வண்டி ஓட்ட, சாப்பிட, தூங்க. உச்சி வெயிலில் நிழல் காலடியில் சுருண்டுகொள்வதால் கல்லானாலும் சுவரானாலும் தட்டையாகத்தான் விழும்.

நான் போகிற திட்டம் இது. முதல் நாள் சென்னையிலிருந்து விடியுமுன் கிளம்பி காலையில் மாமல்லபுரம், இரவு தரங்கம்பாடி. இரண்டாம் நாள் காலை தரங்கம்பாடிக் கோட்டை, மாலை மனோரா. மூன்றாம் நாள் காலை குளமங்கலம் குதிரை, இரவு ராமேஸ்வரம். நான்காம் நாள் விடியற்காலை தனுஷ்கோடி, மாலை திருச்செந்தூர் பக்கம் தேரிக்காடு. ஐந்தாம் நாள் முப்பந்தல் காற்றாலையும் மாத்தூர் தொட்டிப்பாலமும். சுற்றல்களோடு 1000 கிலோமீட்டர் பக்கம் வரும். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் போகாதீர்கள், கடலோரம் முழுக்க மழையும் புயல் அறிவிப்புமாக இருக்கும். எனக்குப் பிடித்தது தை, மாசி.

இரண்டாம் படி: போனைத் தயார் செய்வது

இது ஐந்து நிமிட வேலை. கேமரா செட்டிங்கில் கட்டக் கோடுகளைப் போட்டுவிடுங்கள், கடலின் கோடு சாய்ந்து கிடக்கும் படத்தை அப்புறம் எவ்வளவு திருத்தினாலும் ஓரம் வெட்டுப்படும். திரையில் பொருளைத் தொட்டால் பக்கத்தில் குட்டிச் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். வானம் வெளுத்துப் போகாமல் காப்பது அந்தக் குறிதான், வீட்டு மொட்டை மாடியில் பத்து தடவை பழகிவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய காட்டன் வேட்டித் துண்டு ஒன்று பையில் இருக்கட்டும். கடல் காற்றில் லென்ஸ் மேல் உப்புப் படியும், வடை சாப்பிட்ட விரல் அதைவிட மோசம். அப்புறம் கூட வரும் ஆளுக்கு அடிக்கிற சிவப்பில் ஒரு சட்டை எடுத்துவையுங்கள். எதற்கென்று சொல்கிறேன்.

மூன்றாம் படி: அளவு காட்டுவது (மாமல்லபுரம்)

வெண்ணெய் உருண்டைப் பாறை ஏறக்குறைய 6 மீட்டர் உயரம், 250 டன் இருக்கும் என்கிறார்கள். சரிவில், அடியில் நாலடிகூட இல்லாத இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. 1908-ல் அன்றைய சென்னை கவர்னர் ஏழு யானைகளைக் கட்டி இழுக்கவைத்தும் அசையவில்லை என்று ஒரு கதை உண்டு. 2019 அக்டோபரில் மோடியும் ஷி ஜின்பிங்கும் இதன் முன்னால் கைகோத்து நின்றார்கள், அடுத்த சில நாளில் டிக்கெட் போட்டுவிட்டார்கள்.

எல்லோரும் எடுப்பது பாறையைக் கையால் தாங்குகிற மாதிரி ஒரு போஸ். அதையும் எடுங்கள், யாரும் தடுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் போஸில் ஆள் கேமராவுக்கு அருகிலும் பாறை தூரத்திலும் இருப்பதால் பாறை சிறுத்துப் போகும், அதன் பிரமாண்டமே போய்விடும். என் 600 படங்களில் பாறை கூழாங்கல் ஆனதற்கு இதுதான் காரணம், அதோடு பக்கத்தில் போய் நின்று 0.5 அகல லென்ஸில் எடுத்தேன், அது எல்லாவற்றையும் இன்னும் தள்ளிவைத்துவிட்டது.

இப்படிச் செய்யுங்கள். நன்றாகப் பின்னால் வாருங்கள், ஐம்பது அறுபது அடி. ஜூமை 2-ல் வையுங்கள். மண்டி போட்டு உட்காருங்கள், அப்போதுதான் பாறைக்குப் பின்னால் மரமோ கூட்டமோ இல்லாமல் வானம் வரும். மச்சானைப் பாறைக்குப் பக்கத்திலேயே, அது நிற்கும் அதே தூரத்தில், கையைக் காலை ஆட்டாமல் சும்மா நிற்கச் சொல்லுங்கள். சிவப்புச் சட்டை இதற்குத்தான்: ஐந்தரை அடி ஆள் ஒரு சிவப்புப் பொட்டாகத் தெரிந்தால் பார்ப்பவர் கண் தானாகவே பாறையை அளந்துகொள்ளும். பாறையும் தரையும் தொடும் இடம் படத்தில் கட்டாயம் இருக்க வேண்டும், சாய்வெயிலில் அந்த இடுக்கில் விழும் நிழல்தான் "இது எப்படி நிற்கிறது" என்று கேட்கவைப்பது. பின்பக்கமும் ஒரு சுற்று போய்ப் பாருங்கள், அங்கிருந்து பாதி வெட்டி எடுத்த உருண்டை மாதிரி இருக்கும். சரிவில் பிள்ளைகள் சறுக்கி விளையாடிக்கொண்டிருப்பார்கள். காத்திருந்தால் மச்சானைவிட நல்ல அளவுகோல் கிடைக்கும்.

தொல்லியல் துறை இடங்களில் அனுமதி வாங்காமல் முக்காலி, டிரோன் எல்லாம் கூடாது. கொண்டுபோய் வம்பில் மாட்டாதீர்கள்.

நான்காம் படி: பொருந்தாத இரண்டை ஒரே படச் சட்டத்தில் (ஃபிரேமில்) வைப்பது (தரங்கம்பாடி)

தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டிய டேன்ஸ்போர்க் கோட்டை கடற்கரையிலேயே நிற்கிறது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயர்களுக்கு விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். ஊருக்குள் நுழையும் இடத்தில் 1792-ல் கட்டிய வெள்ளை நகர வாயில். கொஞ்சம் தள்ளி 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயில், பெரும்பகுதியைக் கடல் அரித்துவிட்டது.

இங்கே கோட்டையை மட்டும் தனியாக எடுத்தால் தபால் அட்டை மாதிரி வரும், அவ்வளவுதான். நகர வாயிலுக்கு எதிரில் நின்று, கேரியரில் மீன்கூடை கட்டிய சைக்கிளோ பள்ளிக்கூட ஆட்டோவோ அதற்குள் நுழையும்வரை காத்திருங்கள். சட்டத்தை முதலில் முடிவு செய்துவிட்டு ஆளுக்காகக் காத்திருப்பது, ஆளைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. கோட்டைக்குக் காலையில் கடல் பக்கம் முதுகைக் காட்டி நின்றால் வெயில் நேரே சுவரில் விழும். கிழக்குக் கரை முழுக்க இதே கணக்குதான். உள்ளே இருக்கும் அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும்.

ஐந்தாம் படி: எழுத்தைப் படிக்கும்படி எடுப்பது (மனோரா)

தஞ்சாவூர் மாவட்டத்தில், மல்லிப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரம் நிற்கும் மனோராவை எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட இரண்டாம் சரபோஜி மன்னர் கட்டிய அறுகோணக் கோபுரம், எட்டு அடுக்கு, 23 மீட்டர் உயரம். பிரான்சில் ஒருவர் தோற்றதற்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு நினைவுச் சின்னம்! இதைவிட விசித்திரம் வேறு எங்கே தேடுவது. இன்னொரு வேடிக்கை: வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்றே எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் கல்வெட்டில் போனபார்ட்டின் வீழ்ச்சி என்று எழுதி 1814 என்று போட்டிருக்கிறது. வாட்டர்லூ நடந்தது 1815-ல். 1814-ல் அவர் முதல்முறை பதவி இறங்கியதைத்தான் மன்னர் கொண்டாடியிருக்க வேண்டும்.

ஆகவே கல்வெட்டு இல்லாமல் மனோரா படம் முழுமையாகாது. கல்லெழுத்தை நேரே நின்று ஃபிளாஷ் அடித்து எடுத்தால் வெறும் வெள்ளைப் பலகை கிடைக்கும், என்னிடம் அப்படி மூன்று இருக்கின்றன. ஃபிளாஷை அணைத்துவிட்டு, கூட வந்தவர் போனில் டார்ச்சைப் போட்டு, கல்லை ஒட்டிப் பக்கவாட்டிலிருந்து பிடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் நிழல் விழுந்து, தேய்ந்த எழுத்துகூடத் தூக்கித் தெரியும். ஒரு பக்கம் சரிவரவில்லை என்றால் மறுபக்கத்திலிருந்து. நடுகல், தேய்ந்த சிற்பம், கோயில் சுவர்க் கல்வெட்டு எதற்கும் இது ஒத்துவரும்.

ஆறாம் படி: வாயைத் திறந்து கேட்பது (குளமங்கலம்)

பேராவூரணி வழியாக உள்ளே திரும்பி, புதுக்கோட்டை மாவட்டத்தில் கீரமங்கலம் பக்கம் போனால் குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட ஐயனார் கோயில். முன்னங்கால்களைத் தூக்கித் தாவும் 33 அடிக் குதிரை. மாசிமகத் திருவிழாவின்போது பக்தர்கள் குதிரை உயரத்துக்கே காகிதப்பூ மாலைகளைக் கொண்டுவந்து சாத்துவார்கள், குதிரை மாலைக்குள் காணாமலே போய்விடும்.

வழியில் டீக்கடையில், "அண்ணே, இந்தப் பக்கம் பெரிய குதிரைச் சிலை இருக்காமே?" என்று கேட்டேன். கடைக்காரர் ஆற்றிக்கொண்டே, "எந்த ஐயனாரு தம்பி?" என்றார். அப்புறம் மூன்று கோயிலுக்கு வழி சொன்னார், அதில் இரண்டு என் மேப்பில் இல்லை. மேப்பை நம்பிப் போயிருந்தால் இரண்டு நல்ல படம் போயிருக்கும்.

செருப்பை வெளியே விடுங்கள், பூசாரி இருந்தால் கேட்டுவிட்டு எடுங்கள், கருவறைப் பக்கம் போனைத் திருப்பாதீர்கள். ஆட்களை எடுத்தால் திரையைக் காட்டுங்கள், கேட்டால் வாட்ஸாப்பில் அனுப்பிவிடுங்கள். "அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டு அனுப்பாமல் விடுவதுதான் அடுத்து வருகிறவனுக்குக் கதவைச் சாத்தும் வேலை.

ஏழாம் படி: பாம்பனும் தனுஷ்கோடியும்

பாம்பனில் சாலைப் பாலத்திலிருந்து ரயில் பாலம் அழகாகத் தெரியும், 1914-ல் திறந்த பழையதற்குப் பதிலாக, நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்பும்படி கட்டி 2025-ல் திறந்த புதியது. ஆனால் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்துவது ஆபத்து, போலீஸும் விரட்டும். இறங்கி நடந்து வாருங்கள்.

தனுஷ்கோடியில் விடியற்காலையே நில்லுங்கள். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரும், வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயிலும் அழிந்தன. மிஞ்சிய தேவாலயச் சுவர் பவளக் கல்லில் கட்டியது, அருகில் போய் ஒரு கல்லை மட்டும் படம் எடுத்துப் பாருங்கள், கடலுக்கடியில் வளர்ந்தபோது இருந்த துளைகள் அப்படியே இருக்கும். அங்கே குதித்துக்கொண்டு படம் எடுப்பது எனக்குப் பிடிக்காது, மச்சானையும் நிறுத்தவில்லை. மாலையில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

எட்டாம் படி: நிறத்தை ஏமாறாமல் பிடிப்பது (தேரிக்காடு)

திருச்செந்தூரிலிருந்து காயாமொழி பக்கம் போனால் குதிரைமொழித் தேரி. இரும்பு ஆக்சைடு படிந்து செக்கச்செவேல் என்று மணல் மேடுகள், நடுவே பனைகள். தமிழ்நாட்டில் இப்படி ஒரு பாலைவனமா என்று இருக்கும்.

போனுக்கு இது புரியாது. திரை முழுக்கச் சிவப்பைப் பார்த்ததும் ஏதோ விளக்கொளி என்று நினைத்துத் தானாகவே நிறத்தைத் திருத்திவிடும், வெளுத்த செங்கல்பொடி நிறத்தில் படம் வரும். புரோ மோட் இருந்தால் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியிலிருந்து மாற்றி 5500 கெல்வினில் நிறுத்துங்கள். அது இல்லாத போனில் சட்டத்துக்குள் வெள்ளையாக ஏதாவது ஒன்றை வையுங்கள்.

நான் மச்சானைச் சிவப்புச் சட்டையோடு மேட்டில் ஏற்றிவிட்டுப் பார்த்தால் ஆளையே காணோம், மணலோடு மணலாகிவிட்டார். வண்டிக்குப் போய் வெள்ளை வேட்டி சட்டை மாற்றிக்கொண்டு வரவைத்தேன். திட்டிக்கொண்டே வந்தார், ஆனால் போன் நிறத்தைச் சரியாகப் பிடித்தது, ஆளும் பளிச்சென்று தெரிந்தார். ஒன்று, போகும்போது எடுக்கப்போகிற இடத்தை மிதித்துவிடாமல் ஓரமாகச் சுற்றிப் போங்கள், காற்று போட்ட வரிகளில் உங்கள் செருப்புத் தடம் விழுந்தால் அழிக்க முடியாது. வண்டி நிற்கும் இடத்தை மேப்பில் குறித்துக்கொள்ளுங்கள், உள்ளே எல்லா மேடும் ஒரே மாதிரி இருக்கும்.

ஒன்பதாம் படி: சுற்றுவதை எடுப்பது (முப்பந்தல்)

ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்காக நட்ட காற்றாலைகள். பனோரமா போடாதீர்கள், இறக்கை துண்டு துண்டாக வெட்டுப்பட்டு வரும். எச்.டி.ஆர். (வெவ்வேறு வெளிச்சத்தில் எடுத்த பல படங்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் இறக்கைக்கு ஆவி மாதிரி இரட்டை விழும். தூர நின்று ஜூமில் எடுத்தால் பத்துப் பதினைந்து காற்றாலைகள் நெருக்கியடித்து, பின்னால் மலையும் ஒட்டிக்கொண்டு வரும். தை, மாசியில் பல காற்றாலைகள் சோம்பலாக நிற்கும், சுழல்வதையே பார்க்க வேண்டுமென்றால் ஆனி, ஆடிதான்.

கடைசியாக, மாத்தூர்

1966-ல் காமராசர் முயற்சியில் பறளியாற்றின் மேல் கட்டிய தொட்டிப்பாலம், தண்ணீரைச் சுமந்துகொண்டு 28 தூண்களில் நிற்கிறது, உயரமான இடத்தில் 115 அடி. மேலே நடந்துகொண்டே எடுத்தால் ஒரு குறுகலான நடைபாதைதான் வரும். படியிறங்கி ஆற்றங்கரைக்குப் போங்கள், தூணின் அடியில் நின்று போனைத் தலைகீழாகப் பிடித்து, அதாவது லென்ஸ் தரையை ஒட்டி இருக்கும்படி, மேலே பார்த்து எடுங்கள்.

மச்சான் மேலே நின்றார், மறுபடியும் சிவப்புச் சட்டையில். போன் போட்டு, "மாப்ள, தெரியுறேனா?" என்றார்.

"சட்டை மட்டும் தெரியுது மச்சான், அப்படியே நில்லுங்க."