மாவுச்சத்தோடு இறைச்சியையும் குறைப்பது எப்படி? நாள்பட்ட வலி உள்ளவர்களுக்கு ஒரு செய்முறை

மாவுச்சத்தைக் குறைக்க வேண்டும் என்று சோற்றையும் ரொட்டியையும் ஒதுக்கினால் தட்டில் பாதி காலியாகிவிடும். அந்த இடத்தை முதலில் பிடித்துக்கொள்வது இறைச்சிதான். வயிறு நிறையும், மாவுச்சத்து கிடையாது, யோசிக்க வேண்டிய வேலையும் இல்லை. பேலியோ, கீட்டோ என்று மாவுச்சத்து குறைந்த உணவுமுறையை எந்தப் பெயரில் தொடங்கினாலும், ஒரு மாதத்துக்குள் மூன்று வேளையும் கறி என்ற இடத்துக்குப் பலர் வந்துவிடுகிறார்கள்.

நானும் அங்கே வந்து நின்றேன். கீழ்முதுகு வலியும், காலையில் விரல்கள் மடங்காத இறுக்கமும் எனக்குப் பல வருடத் தொந்தரவு. மாவுச்சத்தைக் குறைத்த முதல் இரண்டு மாதத்தில் எடை இறங்கியது, முதுகும் கொஞ்சம் இளகியது. அப்புறம் முன்னேற்றம் நின்றுவிட்டது. மலச்சிக்கல் வேறு சேர்ந்துகொண்டது. இறைச்சியைப் படிப்படியாக வாரத்துக்கு மூன்று வேளை என்று குறைத்து, அந்த இடத்தில் மீனும் டோஃபுவும் (சோயாப் பாலில் செய்யும் பனீர் போன்ற கட்டி) கீரையும் வந்த பிறகு, ஒரு நாள் காலை தண்ணீர் பாட்டிலின் மூடியை யாரையும் கூப்பிடாமல் நானே திறந்தேன். அது எனக்குப் பெரிய விஷயம்.

என் உடம்புக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் இதை ஒரு சோதனையாக, நீங்களே அளந்து பார்த்து முடிவு செய்யும் முறையாக எழுதுகிறேன்.

இறைச்சிக்கும் வலிக்கும் என்ன சம்பந்தம்?

வலி மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் இது சுலபமாகப் புரியும். நம் செல்களின் சவ்வில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு இருக்கிறது. அடிபட்ட இடத்திலும் வீங்கிய இடத்திலும் உடம்பு அதை எடுத்துப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளாக மாற்றுகிறது. நரம்பு முனைகளைக் கூச்சமடையச் செய்து, லேசான அழுத்தத்தையும் வலியாக உணர வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. ஆஸ்பிரினும் இபுப்ரோஃபெனும் தடுப்பது இந்த மாற்றத்தைத்தான். ஆஸ்பிரினின் இந்த வேலையை 1971-ல் கண்டு சொன்ன ஜான் வேன், 1982-ல் வேறு இரண்டு விஞ்ஞானிகளோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அராகிடோனிக் அமிலம் இறைச்சியிலும் முட்டையின் மஞ்சள் கருவிலும் இருக்கிறது. அதற்காகக் கறி தின்றால் வலி வரும் என்று ஒரே வரியில் முடித்துவிடக் கூடாது. சமையல் எண்ணெய்களில் இருக்கும் லினோலெயிக் அமிலத்திலிருந்து உடம்பே அதைத் தயாரித்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், தட்டிலிருந்து எது போகிறது என்பதைவிட அந்த இடத்துக்கு எது வருகிறது என்பதுதான் முக்கியம். 2021-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. ஒற்றைத் தலைவலி உள்ள 182 பேர் 16 வாரம் அதில் கலந்துகொண்டார்கள். மீனில் உள்ள ஒமேகா-3 கொழுப்பைக் கூட்டி, லினோலெயிக் அமிலத்தைக் குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு, வழக்கமான கொழுப்புகளோடு சாப்பிட்டவர்களைவிட மாதத்துக்குச் சுமார் 4 தலைவலி நாட்கள் குறைந்தன. மாத்திரை இல்லை, சாப்பாட்டு மாற்றம் மட்டும்தான். தலைவலிக்குக் கிடைத்த இந்தப் பலன் மூட்டுவலிக்கும் அப்படியே கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் முயன்று பார்க்க இது நல்ல காரணம்.

மாவுச்சத்தைக் குறைப்பதை விட்டுவிடவும் சொல்லவில்லை. முழங்கால் தேய்மானம் உள்ள 65 முதல் 75 வயதுக்காரர்களிடம் 12 வாரம் நடந்த ஓர் ஆய்வு 2020-ல் வந்தது. மாவுச்சத்து குறைந்த உணவு அவர்கள் வலியைத் தணித்தது. 21 பேர் மட்டுமே கலந்துகொண்ட சிறிய ஆய்வு அது. எடை குறைவதன் பலன் தனி: உடம்பில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் பாரம் சுமார் நான்கு கிலோ குறைகிறது.

தொடங்கும் முன்

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியைத்தான் மருத்துவத்தில் நாள்பட்ட வலி என்கிறார்கள். காரணம் என்னவென்று இன்னும் பார்க்கவில்லை என்றால் முதலில் மருத்துவரிடம் போங்கள். சாப்பாட்டை மாற்றுவது அதற்குப் பிறகு.

சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள், மாவுச்சத்தைக் குறைக்கும்போது மருந்தின் அளவையும் மாற்ற வேண்டியிருக்கலாம். இல்லாவிட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் என்ற மருந்தை எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டக் கூடாது. தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் அதையும் சோயாவையும் ஒரே நேரத்தில் சாப்பிடக் கூடாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம். எடுத்துக்கொண்டிருக்கும் வலி மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

படி 1: இரண்டு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டு போதும். வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி. எழுந்ததும் ஒரு முறை, படுக்கும் முன் ஒரு முறை. என் நோட்டில் ஒரு நாள் இப்படி இருக்கும்:

செவ்வாய். காலை 6, இரவு 4. தூக்கம் 5 மணி நேரம். இறைச்சி 2 வேளை. வலி மாத்திரை 1.

அவ்வளவுதான். தூக்கத்தை எழுத மறக்காதீர்கள். தூக்கம் கெட்ட மறுநாள் வலி கூடும். அதைக் குறிக்காவிட்டால் பழி முழுவதும் சாப்பாட்டின் மேல் விழும். இந்த இரண்டு வாரத்தைத் தாண்டிக் குதித்துவிட வேண்டாம். வலியின் விஷயத்தில் நம் ஞாபகத்தை நம்ப முடியாது. இன்று வலித்தால் போன மாதம் முழுக்க வலித்தது போலவே தோன்றும்.

படி 2: பதப்படுத்திய இறைச்சியை முதலில் நிறுத்துங்கள்

சாசேஜ், பேக்கன், ஹாம், சலாமி. குறைப்பதல்ல, இவற்றை முழுவதுமாக நிறுத்துவது. 2015-லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை இவற்றைப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்திவிட்டது. வலி குறையாவிட்டால்கூட இதில் உங்களுக்கு நஷ்டம் இல்லை.

படி 3: ஒரு வேளையை மட்டும் மாற்றுங்கள்

எல்லா வேளையிலும் ஒரேயடியாக நிறுத்தினால் நான்காம் நாள் பசி தாங்காமல் பழைய இடத்துக்கே வந்துவிடுவீர்கள். முதல் வாரம் காலை வேளையில் மட்டும் இறைச்சி வேண்டாம். பழகிய பிறகு இரவு. கடைசியாக மதியம், அதுவும் வாரத்தில் நான்கு நாட்கள் மட்டும். இறைச்சி வாரத்துக்கு மூன்று வேளை என்ற கணக்கு அப்போது வந்துவிடும்.

இறைச்சி போகும்போது புரதமும் போகும். அதை ஈடுகட்டாமல் காய்கறியை மட்டும் கூட்டினால் தசை கரையும், தசை கரைந்தால் மூட்டுக்குத் தாங்கல் குறையும், வலி கூடும். உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் தினமும் 0.8 கிராம் புரதம் என்பது பெரியவர்களுக்கான அடிப்படை அளவு. வயதானவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை நல்லது. 60 கிலோ எடை உள்ள ஒருவர், இறைச்சியே இல்லாத ஒரு நாளில் இப்படிச் சாப்பிடலாம்: முட்டை மூன்று (18 கிராம் புரதம்), கெட்டி டோஃபு 150 கிராம் (சுமார் 20), பூசணி விதை ஒரு கைப்பிடி (8), சர்க்கரை சேர்க்காத தயிர் 200 கிராம் (7), பாதாம் ஒரு கைப்பிடி (6). கூட்டினால் ஏறக்குறைய 60 கிராம். இவற்றில் இருக்கும் மாவுச்சத்து 25 கிராமை ஒட்டித்தான் வரும். டோஃபுவின் புரதம் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், பொட்டலத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டோஃபுவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சமைக்கும் விதம் தெரியாமல், சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்கிவிடுபவர்கள் அதிகம். பொட்டலத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கட்டியைச் சுத்தமான துணியில் சுற்றித் தட்டில் வையுங்கள். மேலே ஒரு கனமான வாணலியை ஏற்றி 20 நிமிடம் விடுங்கள். எடுக்கும்போது துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். விரல் கனத்துக்குத் துண்டு போட்டு, உப்பு, மிளகு, நசுக்கிய பூண்டு, எலுமிச்சைச் சாறு தடவி 10 நிமிடம் ஊற வையுங்கள். வாணலி நன்றாகச் சூடானதும் ஒரு ஸ்பூன் ஆலிவ் எண்ணெய் விட்டுத் துண்டுகளைப் பரப்புங்கள். அதற்கப்புறம் கை வைக்காமல் இருங்கள். அடிப்பக்கம் சிவந்ததும் துண்டு தானாகவே வாணலியை விட்டுக் கழன்று வரும். அவசரப்பட்டுத் திருப்பினால் சிவந்த தோல் வாணலியில் தங்கிவிடும், வெள்ளைத் துண்டு மட்டும் கையில் வரும். கை வலி உள்ளவர்களுக்கு இதில் ஒரு சௌகரியம், கத்தியை அழுத்தவே வேண்டியதில்லை.

வலி கூடிய நாளில் அடுப்படியில் நிற்கவே முடியாது. அந்த நாளுக்கென்று அவித்த முட்டை, டின் மீன், தயிர், கொட்டைகள் எப்போதும் கைவசம் இருக்கட்டும். டின்னின் வளையத்தை விரலால் இழுக்க முடியாவிட்டால் ஸ்பூன் காம்பை உள்ளே விட்டு நெம்பினால் மூடி வந்துவிடும்.

படி 4: பருப்பு, கடலை விஷயத்தில் அளவு பாருங்கள்

இறைச்சியை விட்டதும் பருப்பு வகைகளில் இறங்குவது இயல்பு. நல்ல உணவுதான், ஆனால் மாவுச்சத்தும் உண்டு. வேகவைத்த மைசூர்ப் பருப்பு 100 கிராமில் 9 கிராம் புரதமும், அதோடு 20 கிராம் மாவுச்சத்தும் இருக்கிறது. அதில் சுமார் 8 கிராம் நார்ச்சத்து. கொண்டைக்கடலையில் இன்னும் அதிகம். ஒரு நாளைக்கு 100 கிராம் மாவுச்சத்து வரை சாப்பிடுபவர்களுக்கு ஒரு கிண்ணம் பருப்பு தாராளமாக இடம் பிடிக்கும். 20, 30 கிராமுக்குள் இருக்கும் கீட்டோக்காரர்களுக்கு ஒரு கிண்ணத்திலேயே கணக்கு முடிந்துவிடும். முந்திரியிலும் பாதாமைவிட மாவுச்சத்து அதிகம்.

நார்ச்சத்துக்குக் கீரை, காலிஃப்ளவர், முட்டைக்கோஸ், காளான், வெண்டைக்காய் போதும். இறைச்சியில் நார்ச்சத்து துளியும் இல்லை, குடல் பாக்டீரியாக்களுக்கு இரை அதுதான். ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். வாரத்துக்கு வாரம் கூட்டி, தண்ணீரும் சேர்த்துக் குடியுங்கள்.

படி 5: வாரத்துக்கு இரண்டு முறை கொழுப்புள்ள மீன்

மத்தி, கானாங்கெளுத்தி, சால்மன் போன்றவை. இவற்றில் உள்ள ஒமேகா-3-லிருந்து உடம்பு வீக்கத்தை அடக்கும் பொருட்களைத் தயாரிக்கிறது. ஆளி விதையிலும் வால்நட்டிலும் இருக்கும் ஒமேகா-3 வேறு வகை, அதில் கொஞ்சம்தான் மீனில் உள்ள வகையாக மாறும். மீன் சாப்பிடாதவர்கள் பாசியிலிருந்து எடுக்கும் ஒமேகா-3 மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம். சமையலுக்குச் சூரியகாந்தி, சோள எண்ணெய்களுக்குப் பதில் ஆலிவ் எண்ணெய்க்கு மாறினால் லினோலெயிக் அமிலம் தானாகக் குறையும்.

கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வலிக்கும் நோய்) உள்ளவர்கள் கவனம்: மத்தி மீனில் பியூரின் என்ற பொருள் அதிகம், அது யூரிக் அமிலத்தை ஏற்றும். கீட்டோ தொடங்கும் முதல் வாரங்களிலும் யூரிக் அமிலம் ஏறும். இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் கால் பெருவிரல் வீங்கிவிடக் கூடும்.

படி 6: சாப்பிடும் இறைச்சியைக் கருக்காதீர்கள்

வாரத்தில் மூன்று வேளை மிச்சம் இருக்கிறது அல்லவா? அதைத் தீயில் வாட்டுவதற்கும் பொரிப்பதற்கும் பதிலாகக் குழம்பாகவோ ஆவியிலோ வேகவையுங்கள். வறண்ட உயர்ந்த சூட்டில்தான் ஏஜிஇ என்ற, வீக்கத்தோடு தொடர்புள்ள சேர்மங்கள் அதிகமாக உருவாகின்றன. எலுமிச்சையிலோ வினிகரிலோ ஊறவைத்துச் சமைத்தாலும் குறையும்.

படி 7: பி12-ஐ மறக்காதீர்கள்

இதில் கவனக்குறைவு கூடவே கூடாது. வைட்டமின் பி12 இயற்கையாகக் கிடைப்பது விலங்கு உணவுகளில்தான். அது குறைந்தால் கை கால் மரத்துப்போகும், ஊசி குத்துவது போலவும் எரிவது போலவும் இருக்கும். வலி குறைய வேண்டும் என்று தொடங்கி, புதிதாக ஒரு நரம்பு வலியை வாங்கிக்கொண்டதாகிவிடும். முட்டை, மீன், பால் பொருட்கள் சாப்பிட்டால் ஓரளவு ஈடாகும். மூன்றையும் விடுபவர்களுக்கு மாத்திரை கட்டாயம். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை நீண்ட நாள் எடுப்பவர்களுக்கு ஏற்கெனவே குறைந்திருக்கலாம், ரத்தப் பரிசோதனையில் பார்த்துவிடுங்கள். மாதவிடாய் அதிகம் உள்ள பெண்கள் இரும்புச்சத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 8: எட்டு வாரம் கழித்து நோட்டைத் திறங்கள்

முதல் இரண்டு வாரத்தின் சராசரியையும் கடைசி இரண்டு வாரத்தின் சராசரியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு மதிப்பெண் குறைந்திருந்தால், அதாவது 6 என்பது 4 ஆகியிருந்தால், அது அர்த்தமுள்ள முன்னேற்றம். அரை மதிப்பெண் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாத்திரை எண்ணிக்கையையும் பாருங்கள். மதிப்பெண் அப்படியே இருந்து மாத்திரை பாதியாகியிருந்தால் அதுவும் குறைவுதான்.

குறைந்திருக்கிறதா? அப்படியானால் மற்ற எதையும் மாற்றாமல், ஒரே ஒரு வாரம் பழையபடி இறைச்சியைச் சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள். அந்த வாரம் மதிப்பெண் மறுபடி ஏறினால் காரணம் தட்டில்தான் இருக்கிறது. ஏறவில்லை என்றால் உங்களுக்குப் பலன் தந்தது மீனாகவோ எடை குறைந்ததாகவோ இருக்கலாம். அதைத் தொடர்ந்துகொண்டு இறைச்சியை இன்னும் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றுமே குறையவில்லை என்றால், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். பத்து வாரத்துக்குத் தேதி வாரியாக எழுதிய வலிக் கணக்கு கையில் இருந்தால், அங்கே பேச்சைத் தொடங்குவது சுலபம்.