குத்திராயன் ஏற ஆசையா? முதலில் ராயக்கோட்டை ஏறுங்க

ஓசூர் பக்கம் மேலகிரி மலைத்தொடரில் குத்திராயன் முகடு 1,300 மீட்டருக்கும் மேலே. இலக்காக வைத்துக்கொள்ள நல்ல மலைதான், ஆனால் முதல் மலையாக வேண்டாம். ஏற்றம் இரண்டு மாதத்தில் காலுக்குப் பழகிவிடும். யானைக்காட்டில் நடக்கக் கண்ணும் மூக்கும் பழக இன்னும் நாள் பிடிக்கும்.

1. மூன்று சின்ன மலை

கிருஷ்ணகிரிக் கோட்டை, ராயக்கோட்டை, அரூர் பக்கம் தீர்த்தமலை. மூன்றிலும் வழி தெளிவு, ஆள் நடமாட்டமும் உண்டு. காலை 6 மணிக்கு ஏறத் தொடங்கி 10 மணிக்குள் இறங்கிவிடுங்க. அதற்குமேல் மொட்டைப்பாறை தோசைக்கல்தான். தீர்த்தமலையில் கையில் கவர் தொங்கினால் குரங்கு பிடுங்கிவிடும். தின்பண்டமெல்லாம் பைக்குள் போகட்டும்.

புதியவர்கள் மாட்டிக்கொள்வது இறக்கத்தில்தான். ஒவ்வொரு அடிக்கும் தொடைதான் பிரேக் போடுகிறது, அதனால் மறுநாள் படி இறங்கவே முடியாது. வாரத்தில் மூன்று நாள் மாடிப்படி ஏறும்போது, இறங்குவதையும் மெதுவாகச் செய்து பழகுங்க. ஷூவில் கால்விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். இல்லாவிட்டால் இறங்கும்போது நுனியில் இடித்து இடித்து நகம் கறுத்துப்போகும்.

2. பை

ஐந்து மணி நேரத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீர். அதில் ஒரு லிட்டரில் ஆறு மட்ட டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கரைத்துக்கொள்ளுங்க. கடலைமிட்டாய், விசில், டார்ச். சென்ட் அடித்துக்கொண்டு வராதீங்க, பாறை இடுக்கில் மலைத்தேனீ இருக்கும்.

3. அனுமதி

மேலகிரிக் காட்டில் பெரும்பகுதி காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம். 2014-ல் அறிவித்தது, 504 சதுர கிலோமீட்டர். அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைத்தால் வழக்கு. ஓசூர் மாவட்ட வன அலுவலரிடம் எழுதிக் கேளுங்க. கிடைத்தாலும் வனத்துறை ஆள் துணையோடுதான் போக வேண்டும். கொடுக்கவில்லை என்றால் விட்டுவிடுங்க, ஊர்க்காரர் யாரையாவது பிடித்துக் குறுக்குவழியில் ஏறுவது மடத்தனம்.

4. யானை

ராகி முற்றும் காலத்தில் கர்நாடகாவின் பன்னேருகட்டா காட்டிலிருந்து ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கூட்டம் இறங்கும். வயலில் பரண் போட்டுக் காவல் இருந்தால் யானை நடமாட்டம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்க.

தடத்தில் லத்தி (யானைச் சாணம்) கிடந்தால் நின்று பாருங்க. மேலே ஈரமாக மினுங்கி, ஈ மொய்த்து, குச்சியால் பிளந்தால் உள்ளே சூடு இருந்தால் யானை பக்கத்திலேயே இருக்கிறது. வெளுத்து, நார் உதிர்ந்து, கறையான் ஏறியிருந்தால் பழசு. முறித்துப் போட்ட கிளையில் இலை வாடவில்லையா, மரத்தில் உரசிய சேறு விரலில் ஒட்டுகிறதா என்றும் பாருங்க.

ஒரு சிட்டிகை மண்ணைத் தூவினால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். காற்று உங்களிடமிருந்து யானைப் பக்கம் வீசினால் உங்கள் வாடை முன்னாலேயே போய்விடும். யானை காதை ஆட்டிக்கொண்டு மேய்ந்தால் நிம்மதியாக இருக்கிறது. ஆட்டம் நின்று, காது விரிந்து, தும்பிக்கை உங்கள் பக்கம் தூக்கினால் கண்டுபிடித்துவிட்டது. பேசாமல், வந்த வழியே பின்வாங்குங்க. போனை எடுக்கவே கூடாது. ஓடி ஜெயிக்கவும் முடியாது, மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வரும். கன்னத்தில் மதநீர் வழியும் ஒத்தை ஆணென்றால் அன்றைய ஏற்றம் அதோடு முடிந்தது.

5. மற்றவை

கரடிக்குக் கண் மந்தம், திடீரென எதிரே நின்றால்தான் பாயும். புதரும் புற்றும் உள்ள இடத்தில் பேசிக்கொண்டே நடங்க. யானைத்தடத்தில் சத்தம் கூடாது, இங்கே சத்தம் வேண்டும். எது எப்போது என்று துணைக்கு வரும் ஆள் சொல்வார். பாறை இடுக்கில் பார்க்காமல் கை வைக்காதீங்க, சுருட்டை விரியன் இருக்கலாம். கடித்தால் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம்; நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு இறங்கி, 108-ல் அரசு மருத்துவமனைக்கு.

முகடு எவ்வளவு பக்கத்தில் தெரிந்தாலும் மதியம் 12 மணிக்குத் திரும்பிவிடுங்க. சாயங்காலம் யானை தண்ணீருக்கு இறங்குவதும் பெரும்பாலும் நீங்கள் இறங்கும் அதே ஓடை வழியாகத்தான்.