வெளிநாட்டுப் பட்டியலும் சேலத்து வானமும்: தொலைநோக்கி வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொலைநோக்கி வாங்க ஆசைப்படுபவர்கள் முதலில் யூடியூபில் நான்கு வீடியோ பார்க்கிறார்கள். அதில் சொன்ன சாமான்களை அப்படியே பட்டியல் போட்டு வாங்கிவிடுகிறார்கள். அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ, 40, 50 டிகிரி வட அட்சரேகையில் இருப்பவர்கள் எடுத்தவை. சேலம் இருப்பது 11.7 டிகிரியில். அங்கே தலைக்கு மேல் இருப்பது இங்கே வடக்கே சாய்ந்து கிடக்கும். அங்கே எட்டிக்கூடப் பார்க்காதது இங்கே தெற்கே நன்றாக ஏறி வரும். வெயிலும் பனியும் வேறு. மட்டமான சாமானால் வீணாகும் பணத்தைவிட, நம் ஊருக்குப் பொருந்துமா என்று பாராமல் வாங்கிய நல்ல சாமானால் வீணாகும் பணம்தான் அதிகம் என்பது என் எண்ணம்.

மட்டமானதும் உண்டு. அதை முதலில் பேசி முடித்துவிடலாம். பெட்டியின் மேல் "525 மடங்கு பெரிதாக்கும்" என்று கொட்டை எழுத்தில் இருந்தால் தொடாமல் விட்டுவிடுங்கள். அந்தக் கணக்கு எப்படி வருகிறது தெரியுமா? 700 மி.மீ. குவியத்தூரத்தை (லென்ஸ் அல்லது ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரையான தூரம்) 4 மி.மீ. ஐபீஸால் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) வகுத்தால் 175. கூடவே தரும் 3 மடங்கு பார்லோ லென்ஸைப் போட்டால் 525. கணக்கு சரிதான். ஆனால் ஒரு தொலைநோக்கி உருப்படியாகத் தாங்கும் உருப்பெருக்கம், அதன் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ அதன் இரண்டு மடங்குதான். 76 மி.மீ. ஆடிக்கு 152. அதற்கு மேல் போனால் வியாழன் பெரிதாகத் தெரியாது, பெரிய மங்கலாகத்தான் தெரியும். இதே ரகத்தில் இன்னொன்று, 114/1000, 127/1000 என்று விற்கும் குட்டைக் குழாய்கள். குழாய் அரை மீட்டர்தான் இருக்கும், குவியத்தூரம் ஒரு மீட்டர் என்று போட்டிருக்கும். ஐபீஸ் செருகும் ஃபோகஸருக்குள் ஒரு லென்ஸை ஒளித்து வைத்துக் குவியத்தூரத்தை நீட்டியிருப்பார்கள். இவற்றில் ஆடியை நேர்ப்படுத்துவது கைதேர்ந்தவர்களுக்கே பெரும்பாடு.

சரி, கண்ணால் பார்க்க மட்டும் என்றால் என்ன வாங்குவது? 6 அங்குல டாப்சோனியன். 150 மி.மீ. விட்டம், 1200 மி.மீ. குவியத்தூரம், மரப்பெட்டி மாதிரி ஒரு அடித்தளம். மோட்டார் கிடையாது, கையால் தள்ளிப் பார்க்க வேண்டியதுதான். 8 அங்குலம் இதைவிட ஏறத்தாழ 1.8 மடங்கு ஒளி சேர்க்கும். ஆனால் மொத்த எடை 20 கிலோவைத் தாண்டும். மூன்றாவது மாடியில் குடியிருந்து, மொட்டை மாடிக்குக் குறுகலான படியில் தூக்கிப் போக வேண்டுமென்றால் முதல் மாத உற்சாகத்தோடு அது மூலைக்குப் போய்விடும். மொட்டை மாடியில் வேறொரு சிக்கலும் இருக்கிறது. ஏப்ரல் வெயிலில் பகலெல்லாம் காய்ந்த தளம் இரவு வெகுநேரம் வரை சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டில் காற்று அலைபாய, சனியின் வளையம் நீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளியும். தொலைநோக்கியைக் குறை சொல்லிப் பயனில்லை. நள்ளிரவுக்கு மேல் பாருங்கள், அல்லது புல்தரையில் இறக்கி வையுங்கள். ஏசி அறையில் வைத்திருந்ததை நேராக வெளியே கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்க வியர்த்துவிடும். மூடியைக் கழற்றாமல் ஒரு மணி நேரம் வெளியே இருக்கட்டும்.

படம் எடுக்க வேண்டும் என்று இறங்குபவர்கள்தான் அதிகம் அடிபடுகிறார்கள். கேமராவுக்கும் குழாய்க்கும் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் மவுண்ட் (குழாயைத் தாங்கித் திருப்பும் அடிப்பாகம்) வாங்குவார்கள். தலைகீழ். நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைக்கும்போது நட்சத்திரம் புள்ளியாக விழுவதும் கோடாக இழுபடுவதும் மவுண்ட் கையில் இருக்கிறது. அது இத்தனை கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால், படம் எடுக்க அதில் பாதி, மிஞ்சினால் மூன்றில் இரண்டு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மவுண்டை வாங்குவதற்கு முன் நம் ஊர்க்காரர் அவசியம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எத்தனை டிகிரி வரை கீழே இறங்கும்? வானத்தின் சுழற்சியோடு சேர்ந்து திரும்பும் ஈக்குவடோரியல் மவுண்டின் அச்சு துருவ நட்சத்திரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். லண்டனில் அது 51 டிகிரி உயரத்தில் இருக்கிறது. சேலத்தில் 12 டிகிரிகூட முழுதாக வராது. சில மவுண்ட்களின் அட்சரேகைத் திருகு 15, 20 டிகிரிக்குக் கீழே இறங்கவே இறங்காது. இறங்கும் மவுண்டிலும் ஒரு தொல்லை இருக்கிறது. அச்சு ஏறத்தாழப் படுத்துவிடுவதால் குழாயின் எடையைச் சமன்செய்யும் கவுண்டர்வெயிட் கம்பி நேர் கீழாகத் தொங்கும். திரும்பும்போது எடைக்கட்டி முக்காலியின் காலில் இடிக்கும். யாரும் கவனிக்காத நேரத்தில் இடித்து, மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டே இருக்கும். முக்காலிக்கும் மவுண்டுக்கும் நடுவே வைக்க ஒரு உயரத்துண்டு கிடைக்கும், பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிடும். கடைக்காரரிடம் அட்சரேகையைச் சொல்லிக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அப்புறம் துருவ நட்சத்திரம் கண்ணில் பட வேண்டுமே. கன்னங்குறிச்சி, அடிவாரம் பக்கம் வீடு என்றால் வடக்கே சேர்வராயன் மலையே குறுக்கே நிற்கும். மற்ற இடங்களில் தென்னை மரம், தண்ணீர்த் தொட்டி, அடிவானத்துப் புகை. துருவ நட்சத்திரத்தைக் குறிபார்க்கும் போலார் ஸ்கோப் என்று தனியாகக் காசு கொடுத்து வாங்கி அதன் வழியே வெறும் இருட்டைப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். கேமரா எடுத்த படத்திலுள்ள நட்சத்திரங்களை வைத்தே அச்சைச் சரிசெய்யும் வசதி இப்போது வந்துவிட்டது. கணினியில் இலவச மென்பொருளான நினா, கையடக்கப் பெட்டி என்றால் ஏஎஸ்ஐஏர். இரண்டும் வானத்தின் வேறு பகுதியைப் பார்த்தே இதைச் செய்துவிடும்.

மவுண்ட் தொல்லையே வேண்டாம் என்று தானே தேடிப் படம் எடுக்கும் சீஸ்டார் போன்ற ஸ்மார்ட் தொலைநோக்கி வாங்கினால்? நல்ல முடிவுதான். ஆனால் மேல்-கீழ், இட-வலமாக மட்டும் திரும்பும் எந்தக் கருவியிலும் படம் மெல்லச் சுழலும். உச்சிக்குப் பக்கத்தில் அந்தச் சுழற்சி பேயாட்டம் ஆடும். இங்கே ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் 73 டிகிரி வரை ஏறுகிறது. அது உச்சியில் இருக்கும் நேரம்தான் சிறந்தது என்று காத்திருந்து எடுத்தால் பாதிப் படங்கள் குப்பைக்குப் போகும். கிழக்கே 45 டிகிரி வாக்கில் ஏறி வரும்போதே தொடங்கிவிடுங்கள்.

கோள்கள் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம். வெளிநாட்டார் பரிந்துரைக்கும் ஏடிசி என்ற துணைக்கருவி, கோள் தாழ்வாக இருக்கும்போது காற்று நிறங்களைப் பிரித்துவிடுவதைச் சரிசெய்வது. இங்கே எந்தக் கோளும் தெற்கே உச்சம் தொடும்போது 50 டிகிரிக்கு மேல்தான் நிற்கும். அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள்.

இப்போது ஏற்காடு. மலைக்குப் போனால் இருட்டு கிடைக்கும் என்று லேடீஸ் சீட்டில் முக்காலியை விரிப்பது வழக்கமாகிவிட்டது. பகலில் சேலம் நகரம் அழகாகத் தெரிகிற இடம் அது. அப்படியென்றால் இரவில் சேலத்தின் மொத்த வெளிச்சமும் முகத்தில் அடிக்கும் இடமும் அதுவே. சேலம் இருப்பது ஏற்காட்டுக்குத் தெற்கே. நம் அட்சரேகையின் பெரும் பேறான தென்வானம் முழுக்க அந்த ஒளிமூட்டத்துக்கு மேல்தான் எழுகிறது. ஒமேகா சென்டாரி என்ற மாபெரும் நட்சத்திரக் கொத்து ஏப்ரல் நடுவில் நள்ளிரவு வாக்கில் தெற்கே 31 டிகிரி வரை ஏறும். தென்சிலுவையும் கரீனா நெபுலாவும் 18, 19 டிகிரியோடு சரி. ஜவ்வாது மலையில் காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததற்கு இந்தத் தென்வானமும் ஒரு காரணம், அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் இயங்குகிறது. ஆக, தென்வானம்தான் வேண்டுமென்றால் ஏற்காட்டைவிடக் கல்வராயன் மலையில் கருமந்துறைப் பக்கம் போவது மேல். வடக்கே பார்ப்பதென்றால் ஏற்காடு டவுனைத் தாண்டிச் சேர்வராயன் கோயில் பக்கம் சரி. எங்கே போனாலும் அனுமதி கேட்டுவிட்டு நில்லுங்கள். நள்ளிரவில் எஸ்டேட் ஓரம் குழாயை நீட்டிக்கொண்டு நிற்பவரை யாரும் சும்மா விடமாட்டார்கள்.

சேலத்திலிருந்து ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கணக்கில் சேருங்கள். ஆடிகளால் ஆன நியூட்டோனியன் குழாயைக் (டாப்சோனியனும் இதே வகைதான்) காரின் பின் சீட்டில் படுக்க வைத்து ஏறினால், மேலே போய்ச் சேரும்போது ஆடிகள் நேர்கோட்டில் இருக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் கொஞ்சம் ஃபோகஸ் விலக்கிப் பாருங்கள். நடுவிலிருக்கும் கரும்புள்ளி ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் ஆடி கலைந்திருக்கிறது. கீழே இருக்கும் மூன்று திருகில் ஒன்றைக் கால் சுற்று திருப்பி, நட்சத்திரத்தை மீண்டும் நடுவுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். மோசமானால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். ஆடியை நேர்ப்படுத்த விற்கும் மலிவான லேசர் கொலிமேட்டரை மட்டும் நம்ப வேண்டாம். அதை ஃபோகஸரில் வைத்துச் சுழற்றும்போது சிவப்புப் புள்ளி வட்டம் போட்டால் லேசரே கோணல்.

ஏற்காட்டில் படம் எடுப்பவரின் முதல் எதிரி பனி. முன்னால் கண்ணாடி இருக்கும் ஷ்மிட்-காஸெக்ரெய்ன் முதலில் நனையும், அடுத்தது லென்ஸ் தொலைநோக்கி. துணியால் துடைத்தால் பூச்சு கீறும். முன்வாயில் நீட்டி மாட்டும் பனிக்குழல் ஒன்றும் 12 வோல்ட் சூடேற்றும் பட்டை ஒன்றும் போதும். ஒளி வடிகட்டிகள் வாங்கும் முன் இதை வாங்குங்கள். பட்டை விடிய விடிய மின்சாரம் இழுக்கும், பேட்டரியை அதற்கேற்பப் பெரிதாக எடுங்கள்.

கேமரா பற்றிச் சுருக்கமாக. சாதாரண டிஎஸ்எல்ஆரை டாப்சோனியனில் மாட்டினால் பல சமயம் ஃபோகஸே வராது. கேமராவின் சென்சார் ஐபீஸைவிடப் பின்னால் நிற்பதுதான் காரணம். வாங்கும் முன் கேளுங்கள். கோள்களுக்கு முழு ஃபிரேம் கேமரா தண்டம்; சிறிய சென்சாருள்ள வீடியோ கேமராவில் ஆயிரக்கணக்கான ஃபிரேம் எடுத்து, நல்லதை மட்டும் ஆட்டோஸ்டாக்கெர்ட் மென்பொருளில் அடுக்குவதுதான் வழி. நெபுலாவுக்குக் குளிரூட்டும் கேமரா என்றால் சேலத்துச் சூட்டை மறக்காதீர்கள். ஏறத்தாழ ஒவ்வொரு 6 டிகிரிக்கும் சென்சாரின் வெப்ப இரைச்சல் இரட்டிப்பாகும். குளிரூட்டி வெளிக்காற்றைவிட 35 டிகிரி அளவுக்குக் குறைக்கும் ரகம் என்றால், 28 டிகிரி இரவில் மைனஸ் 7 வரைதான் போகும். வெளிநாட்டவர் மாதிரி மைனஸ் 20 வைத்தால் குளிரூட்டி முழு மூச்சில் ஓடியும் எட்டாது. வருடம் முழுக்க எட்டக்கூடிய பூஜ்யத்திலேயே வைத்து, மூடியைப் போட்டு எடுக்கும் டார்க் படங்களையும் அதே அளவில் எடுத்துச் சேமியுங்கள். நகரத்து வெளிச்சத்துக்கு வடிகட்டி வாங்குவோர், பழைய சோடியம் விளக்குகளை நம்பிச் செய்தவற்றை வாங்க வேண்டாம். தெருவெல்லாம் எல்இடி ஆகிவிட்டது. ஹைட்ரஜன்-ஆல்பா, ஆக்சிஜன்-3 இரண்டை மட்டும் விடும் வடிகட்டி நெபுலாக்களுக்கு உதவும், ஆண்ட்ரோமீடா மாதிரி காலக்ஸிகளுக்கு உதவாது.

சூரியனைப் பார்க்க ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடியைச் சில மலிவுத் தொலைநோக்கிகளோடு இன்னும் தருகிறார்கள். குவிந்த வெப்பத்தில் அது விரிசல் விட்டால் கண் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் அதை உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரிய வடிகட்டி குழாயின் முன்வாயை முழுதாக மூடுவதாக இருக்க வேண்டும், காற்றுக்குக் கழன்று விழாதபடி டேப் ஒட்டியிருக்க வேண்டும், ஃபைண்டரின் (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) மூடியும் போட்டிருக்க வேண்டும். 2019 டிசம்பர் 26 வளைய கிரகணம் கோவை, கரூர், திண்டுக்கல் வழியே போனபோது சேலத்திலும் சூரியனின் பெரும்பகுதி மறைந்தது. அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21-இல் தென் தமிழகம் வழியே வருகிறது. வடிகட்டித் தாளை முந்தின வாரம் தேடினால் கிடைக்காது.