கபடி அணிக்கு மருத்துவத் துணைக்குழு அமைப்பது எப்படி?

ஊர்த் திடலில் இரவு ஆட்டம் ஆடும் அணியோ மாவட்ட அணியோ, மருத்துவ ஏற்பாடு என்றதும் நாம் முதலில் வாங்குவது முதலுதவிப் பெட்டியையும் வலி நிவாரண ஸ்பிரேயையும்தான். பெட்டியைக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். அடிபட்டவரை வெளியே அழைக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும்.

படி 1: அதிகாரத்தை எழுதி வையுங்கள்

ரைடரின் தலை, பிடிக்க வந்தவரின் முழங்காலில் மோதுகிறது. எழுந்துவிடுகிறார்; ஆனால் தள்ளாடியபடி எதிரணிப் பக்கமே நடக்கிறார். புள்ளிகள் சமம், மூன்று நிமிடம் மிச்சம். அந்த நேரத்தில் பயிற்சியாளரிடம் முடிவை விடுவது அவருக்கும் நியாயமன்று, ஆட்டக்காரருக்கும் நியாயமன்று. மூளை அதிர்ச்சி என்ற ஐயம் எழுந்தாலே அன்று மீண்டும் களமிறங்கக் கூடாது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட நெறி. பிறகு ஆட்டத்துக்குத் திரும்புவதும் படிப்படியாக, மருத்துவர் ஒப்புதலோடுதான். ஆகவே, மருத்துவப் பொறுப்பாளர் ‘வெளியே’ என்றால் பயிற்சியாளரோ சங்கச் செயலாளரோ அதை மாற்ற முடியாது என்று முன்கூட்டியே எழுதி, மூவரும் கையொப்பமிடுங்கள்.

படி 2: ஆட்களைச் சேருங்கள்

ஒருவருக்குத்தான் சம்பளம் கொடுக்க முடியும் என்றால் பிசியோதெரபிஸ்ட்டை அமர்த்துங்கள். அன்றாடம் பயிற்சிக்கு வருபவருக்குத்தான், நேற்றைவிட இன்று கணுக்கால் வீங்கியிருப்பது கண்ணில் படும். எலும்பு மூட்டு மருத்துவர் திடலுக்கு வர வேண்டியதில்லை. தொலைபேசியில் கிடைப்பதாக ஒப்புக்கொண்டால் போதும்.

நம் ஊர்களில் அடிபட்டவர் முதலில் போவது சுளுக்கு வழிப்பவரிடம். எலும்பு முறிவோ லிகமெண்ட் (எலும்புகளை இணைக்கும் நார்) கிழிவோ இல்லை என்று உறுதியாகும்வரை வீங்கிய மூட்டை யாரும் வழிக்கக் கூடாது என்பதை ஆட்டக்காரர்களின் வீட்டாருக்கும் சொல்லிவையுங்கள். முழங்காலுக்குள் இருக்கும் ஏ.சி.எல். என்ற லிகமெண்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரை, ஒன்பது மாதங்கள் முடியும் முன் களமிறக்காமல் காப்பதும் பிசியோவின் வேலையே.

படி 3: அவசர ஒத்திகை

2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் மைதானத்திலேயே இதயம் நின்று விழுந்த கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் பிழைத்ததற்குக் காரணம், அங்கேயே உடனடியாக நெஞ்சழுத்தமும் மின்னதிர்வும் கொடுக்கப்பட்டதுதான். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு நெஞ்சை அழுத்த அணியில் நால்வராவது பழகியிருக்க வேண்டும். 108-ஐ அழைப்பவர் யார், வண்டியைத் தெருமுனையிலிருந்து அழைத்து வருபவர் யார் என்று பெயர் குறியுங்கள். திருவிழா ஆட்டமென்றால் கடைகள் வழியை அடைத்துவிடும். மாலையிலேயே ஒருமுறை நடந்து பாருங்கள்.

படி 4: மருந்துக் குறிப்பேடு

ஆட்டக்காரர் எடுக்கும் ஒவ்வொரு மாத்திரையும் ஊசியும் பதிவாக வேண்டும். மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசிகூட, ஊக்கமருந்துத் தடை விதிகளின்படி 2022 முதல் போட்டிக் காலத்தில் தடை செய்யப்பட்டிருக்கிறது.

படி 5: பெட்டி

இப்போது வாங்குங்கள்: கையுறை, கிரிப் பேண்டேஜ், கட்டுத்துணி, சிம்பு (முறிந்த எலும்பு அசையாமல் தாங்கும் கட்டை), கத்தரிக்கோல், ஐஸ் நிறைந்த தனிப் பெட்டி, ஒரு ஸ்ட்ரெச்சர்.