பழைய தொட்டிக்கட்டு வீட்ட ரிப்பேர் பண்றீங்களா? இந்த தப்பெல்லாம் வேணாம்

கொங்கு பக்கம் பழைய தொட்டிக்கட்டு வீட்ட (நடுவுல வானம் பாத்த முற்றம், அதான் தொட்டி, அத சுத்தி நாலு பக்கமும் ஓட்டுக் கூரை) இடிக்காம ரிப்பேர் பண்ணி வெச்சுக்கறவங்க இருக்காங்க, சந்தோஷம்தான், ஆனா ரிப்பேர்ங்கிற பேர்ல நடக்கற சில வேலைங்க இடிக்கறத விட மோசம்.

மெயின் வில்லன் சிமெண்ட்டு. மண்சுவரோ சுண்ணாம்புச் சுவரோ, அடியில ஈரத்த தடுக்க கான்கிரீட் பெல்ட்டெல்லாம் கிடையாது, தரையில இருக்க ஈரம் சுவத்துல ஏறத்தான் செய்யும், சுண்ணாம்புப் பூச்சு இருந்தா அது வழியா வெளிய வந்து காஞ்சு போயிரும். நீங்க மேல சிமெண்ட் பூசி அதுக்கும் மேல பிளாஸ்டிக் பெயிண்டும் அடிச்சிட்டா ஈரம் எங்க போகும்? உள்ளயே மேல மேல ஏறும், உப்பு பூக்கும், சில மழைக்காலம் போனா பூச்சு உப்பி, மண்ணையும் பேத்துட்டு விழும். உடனே மேஸ்திரி "சுவரே போச்சுங்க, இடிச்சிரலாம்"னு வந்து நிப்பாரு. சுவரு நல்லாத்தாங்க இருந்துச்சு! சுண்ணாம்ப சுண்ணாம்பாலயே ஒட்டுங்க. காத்துல இருக்க கார்பன் டை ஆக்சைட இழுத்துத்தான் அது இறுகும், அதனால லேட்டாகும், மெல்லிசா பூசி ஈரம் காட்டிட்டே இருக்கணும்.

அடுத்து மாட்டுக் கட்டுத்தரை. இத ரூமாக்கி வாடகைக்கு விடலாம்னு இப்ப எல்லாருக்கும் ஐடியா வருது. வருசக்கணக்கா மாட்டு மூத்திரம் ஊறுன தரை அது, அந்த உப்பு மண்ணுலயும் சுவத்தோட அடிப்பாகத்துலயும் நிறைய இருக்கும், காத்துல இருக்க ஈரத்தயும் இழுக்கும், அதனால மேல டைல்ஸ் ஒட்டுனாலும் ஓரமெல்லாம் வேர்த்துட்டே இருக்கும். பழைய மண்ண தோண்டி எடுத்து, சுவத்தோட கீழ்ப்பூச்ச உரிச்சுப் போட்டு, நல்லா காய விட்டுட்டு அப்புறம் வேலைய ஆரம்பிங்க. இதுல அவசரம் ஆகாது.

தொட்டிக்கு மேல ஷீட் போட்டு மூடாதீங்க, சூடு வெளிய போற வழியே அதுதான். குரங்கு தொல்லைன்னா கம்பி கிரில் போதும். தொட்டித் தரையில டைல்ஸ் போட்டா தண்ணி ஓடற வாட்டம் மாறாம பாத்துக்கங்க, நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் ஒரே சலதாரையிலதான் போகுது.

நாட்டு ஓட்டுக்கு பதிலா மங்களூர் ஓடு போடறது தப்பில்ல, 1860கள்ல பாசல் மிஷன்ங்கிற கிறிஸ்தவ மிஷன்காரங்க மங்களூர்ல ஃபேக்டரி வெச்சதுக்கு அப்புறம் பல ஊர்ல அப்படித்தான் மாத்துனாங்க, ஆனா ரீப்பர் (ஓடு உக்கார குறுக்கால அடிக்கற மரச்சட்டம்) இடைவெளிய புது ஓட்டு அளவுக்கு மாத்தி அடிக்கணும். பனங்கைய (கூரையத் தாங்கற பனைமரச் சட்டம்) மொத்தமா பிடுங்கி விறகு விலைக்கு தள்ளாதீங்க. தட்டிப் பாத்து செல்லரிச்சத மட்டும் மாத்துங்க, வைரம் பாஞ்ச பனங்கை இப்ப காசு குடுத்தாலும் லேசுல கிடைக்காது.